மைசீனியா, நோசஸா? ஒன்றுக்குத்தான் நேரமிருந்தால்

கிரீஸ் போகிறவர்கள் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை எப்படியும் பார்த்துவிடுவார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய வெண்கலக் கால இடம் ஒன்றையும் பார்க்க ஆசைப்பட்டால், மைசீனியா நோசஸா என்ற கேள்வி வரும். எங்களுக்கு ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது. மைசீனிக்குப் போனோம். என் ஓட்டும் அதற்கே.

தூரக் கணக்கு எளிது. மைசீனி ஏதென்ஸிலிருந்து சுமார் 120 கி.மீ.; ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மினோவர்கள் என்ற பழங்கால மக்களின் அரண்மனையான நோசஸ் இருப்பது கிரீட் தீவில். விமானமோ இரவுக் கப்பலோ பிடிக்க வேண்டும். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கண்முன் நிற்பதில் எவ்வளவு பழையது?

நோசஸை ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900-இல் தோண்டத் தொடங்கினார். முட்டுக் கொடுத்த மரங்கள் உளுத்துப்போகவே, பிறகு கான்கிரீட்டுக்கு மாறினார். அங்குள்ள ஜிப்சம் கல் மழையில் அரிக்கும். பாதுகாப்பு தேவைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதோடு நிற்காமல் மேல்தளங்களையே எழுப்பினார். ஒரு காலத்தில் மரத்தில் இருந்த சிவப்புத் தூண்கள் இன்று கான்கிரீட். சுவரோவியங்கள் நகல்கள், மூலத் துண்டுகள் பக்கத்து நகரமான ஹெராக்லியோனின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புகழ்பெற்ற 'லில்லி இளவரசன்' ஓவியத்தின் துண்டுகள் ஒரே ஆளுடையவைதானா என்றே அறிஞர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். இப்போது எவன்ஸின் கான்கிரீட்டுக்கே பராமரிப்பு தேவைப்படுகிறது.

மைசீனியிலும் பழுதுபார்த்திருக்கிறார்கள். ஆனால் கோட்டையின் சிங்க வாசல் கி.மு. 1250 வாக்கில் வைத்த இடத்திலேயே நிற்கிறது. இந்தப் பாறைகளை ஒற்றைக்கண் அரக்கர்கள்தான் அடுக்கியிருக்க வேண்டும் என்று பிற்காலக் கிரேக்கர்களே நம்பினார்கள். சற்றுத் தள்ளி 'அட்ரியஸின் கருவூலம்' என்ற கல்லறை. வாசலுக்கு மேலே கிடத்திய கல் ஒன்றே 100 டன்னுக்கு மேல். உள்ளே போனால் 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த குவிமாடம். ஒவ்வொரு கல் வரிசையையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கியே உச்சியை மூடியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்று: கிரேக்கர்களைத் தேடிப் போகிறவருக்கு மைசீனியே நேரான வழி. மைசீனியர்களின் லீனியர் பி எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தபோது, மொழி கிரேக்கம் என்று தெரிந்தது. கிரீட்டின் மினோவர்கள் எழுதிய லீனியர் ஏ இன்றும் படிக்கப்படவில்லை.

நோசஸை நான் நூல்களிலும் படங்களிலும்தான் அறிவேன். நேரில் பார்த்தவர்கள் மாறுபடலாம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வண்ணத் தூண்களும் மாடிப்படிகளும் உள்ள நோசஸே எளிதில் புரியும் என்று தோன்றுகிறது.

மைசீனிதான் என்றால், முதலில் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1876-இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஷ்லீமன் மைசீனியில் தோண்டியெடுத்த தங்க முகமூடிகள் அங்கேதான் இருக்கின்றன.