டர்பனில் பழைய கம்ப்யூட்டரை "ஓவர்க்ளாக் செய்து வேகமாக்கித் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் கொடுக்கும் முன்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய டெஸ்க்டாப்பை வைத்தே பிள்ளைகளின் படிப்பைச் சமாளித்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்கள் பழைய ப்ராசஸரைப் புதுசு மாதிரி ஓட வைக்கிறோம், தூசி தட்டி, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்றி, எல்லாம் சேர்த்து 900 ரேண்ட்" என்று சொன்ன ஒரு கடையில் என் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன், நன்றாக இருந்த ப்ராசஸரைக் கெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் இதே வேலையை வேறு யார் செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

என்னுடையது இன்டெல் கோர் ஐ5-2500கே, 2011இல் வந்தது. பெயரின் கடைசியில் 'கே' இருந்தால் மல்டிப்ளையரை (அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்ணை) நாமே மாற்றலாம், அதற்கு ஒத்துவரும் மதர்போர்டும் இருக்க வேண்டும், என்னிடம் இருந்தது இசட்68. 100 மெகாஹெர்ட்ஸை 33ஆல் பெருக்கி 3.3 கிகாஹெர்ட்ஸ் என்பது கம்பெனிக் கணக்கு. கம்ப்யூட்டர் தொடங்கும்போது உள்ளே போகிற பயாஸ் என்ற அமைப்புத் திரையில் 46 என்று போட்டால் 4.6, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் இப்படி ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். அவ்வளவுதான் வேலை. நல்ல கூலர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதித்துப் பார்த்துச் செய்தவர்கள் இந்த ப்ராசஸரைப் பல வருடம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள், அதனால் ஓவர்க்ளாக் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

எடுக்கப் போன அன்று ப்ராசஸரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து 4.6 என்று காட்டினார்கள், விண்டோஸ் பளிச்சென்று திறந்தது, பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு வீடியோ ஓடும்போது ஹேங், அப்புறம் நீலத்திரை, 0x124 என்ற எண்ணோடு. அது வன்பொருள் பிழை என்று விண்டோஸே சொல்கிற எண். மகள் மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருடம்) படிக்கிறாள், இறுதித் தேர்வுக்கு முன் வரும் ட்ரயல் தேர்வு நேரம், அவள் செய்து வைத்திருந்த ப்ராஜெக்ட் ஃபைல் பாதியில் கெட்டுப்போய் ராத்திரி முழுக்க மறுபடி உட்கார்ந்து செய்தாள். கடைக்குப் போனால் "லோட்ஷெடிங், அங்கிள், கரண்ட் போய்ப் போய் வந்தால் இப்படித்தான்" என்றார்கள். முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற அந்த லோட்ஷெடிங் இருந்த 2023இல் இந்த ஊரில் அந்தப் பதிலைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும் என்று இன்னும் 350 கேட்டார்கள்.

கொடுக்காமல் வந்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி வந்து திறந்து பார்த்தார். ப்ராசஸரோடு கம்பெனி தருகிற அதே சின்ன அலுமினிய கூலர், அப்படியே இருந்தது. அடியில் பேஸ்ட் காய்ந்து உதிர்கிறது, பில்லில் மட்டும் புது பேஸ்டுக்குக் காசு. பயாஸில் வோல்டேஜை 1.46 வோல்ட் என்று நிரந்தரமாக வைத்திருந்தார்கள். இந்த ப்ராசஸருக்குச் சாதாரணமாக 1.2 பக்கம்தான் போகும். ப்ராசஸர் தின்கிற மின்சாரம் வேகத்துக்கு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது, 95 வாட்டுக்குச் செய்த கூலர் அதை எப்படித் தாங்கும்? ப்ராசஸருக்கு முழுப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 என்ற மென்பொருளை ஓட்டியதும் சூடு மளமளவென்று ஏறி 98 டிகிரியைத் தொட்டது, அந்த இடத்தில் இந்த ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4.6 என்று காசு வாங்கினார்கள், பாரம் ஏறினால் அந்த வேகம் நிற்கவே இல்லை. ஏசி இல்லாத அறையில், இந்த நிலைமையில்தான் சில வாரம் ஓடியிருக்கிறது.

எல்லாவற்றையும் பழைய 3.3க்கே திருப்பி வைத்தோம். அப்போதும் நீலத்திரை வந்தது. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது அப்போதுதான். ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாயிற்று, ப்ராசஸர்தான். அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற நுண்ணிய உலோகப் பாதைகளும் டிரான்சிஸ்டர்களும் தேய்ந்துபோகும், அதே வேகத்துக்கு முன்பைவிட அதிக வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. இப்போது வோல்டேஜைக் கூட்டி வைத்து ஓட்டுகிறோம்.

இரசீதின் பின்னால் பொடி எழுத்தில் "ஓவர்க்ளாக் வேலைக்குப் பொறுப்பில்லை" என்று இருக்கிறது, அதைக் காட்டியே அனுப்பப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் வருடத்து 68ஆம் சட்டம், 54ஆம் பிரிவைப் பாருங்கள்: வேலைக்குக் கொடுத்த பொருளை, கொடுத்தபோது இருந்த நிலைக்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டும், வேலை குறையாக இருந்தால் சரிசெய்யச் சொல்லவோ பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கவோ நமக்கு உரிமை இருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வரிகளை எளிய மொழியில், கண்ணில் படும்படி முன்னாலேயே காட்ட வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றிய பாகங்களை நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய நம்மிடமே கொடுக்க வேண்டும், அது 67. இந்த எண்களைப் போட்டு மெயில் அனுப்பியதும் 900ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். கெட்டுப்போன ப்ராசஸருக்கு வாயே திறக்கவில்லை, அதற்குத்தான் நுகர்வோர் புகார்களை விசாரிக்கிற நுகர்வோர் பொருள் சேவை ஆம்புட்ஸ்மனிடம் போயிருக்கிறேன், புகார் கொடுக்கக் காசு கிடையாது.

இப்படி ஒரு கடையில் ஏற்கெனவே கொடுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே பயாஸ் உள்ளே போய் சிபியு வோல்டேஜ் என்ன என்று பாருங்கள். இந்த வகை ப்ராசஸரில் 1.4க்கு மேல் இருந்து கூலரும் பழையதாக இருந்தால், திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே 'லோட் டிஃபால்ட்ஸ்' (கம்பெனி வைத்த அமைப்புக்கே திருப்புவது) கொடுத்துவிடுங்கள். இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள் வோல்டேஜ் எவ்வளவு, முழுப் பாரத்தில் சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள், எழுதித் தர மறுத்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.