ஹைவ் வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தக்கலைல இருந்து ஒரு தம்பி, ஆறு மூலைக் காய் வச்சு ரெண்டு பேர் ஆடுத ஹைவ் கேம் வாங்கலாமாண்ணேன்னு கேட்டிருந்தான். வெலை, பெட்டில என்னென்ன வரும் எல்லாம் அவனே பாத்துட்டான், அதனால அத விடுதேன். ஜான் யியானி 2001ல கொண்டுவந்த கேம், ஆளுக்கு 11 காய், எதிராளியோட ராணித் தேனீக் காய ஆறு பக்கமும் அடைச்சா ஜெயிச்சாச்சு, இதுவும் அவனுக்குத் தெரியும்.

போர்டு கெடையாதுங்கதுதான் எனக்கு மொதல்ல புடிச்சுது. ஆடி மாசம் முட்டம் கடற்கரைல பாறை மேல உக்காந்து சீட்டு வெளையாடிப் பாருங்க, ஒரு சீட்டு நிக்காது. இந்தக் காயெல்லாம் பேக்கலைட்டுங்க கெட்டி பிளாஸ்டிக்கு, நல்ல கனம், அந்தக் காத்துக்கும் அசையாது, மணல் ஒட்டுனா வீட்டுல வந்து பைப்புல கழுவி தொடச்சா போதும். இன்னைக்கு வரைக்கும் ஒரு காய் கூட மூலை உடையல.

எனக்கு எரிச்சல் வாறதெல்லாம் அந்த நகத்துற ரூல்லதான். ஒவ்வொரு காயும் ஒரு பூச்சி, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி நகரும். ராணி, எறும்பு, சிலந்தி மூணையும் தரையோட தள்ளித்தான் கொண்டு போகணும், தூக்கி வைக்கக் கூடாது. அதனால எதிராளி ராணிக்குப் பக்கத்துல சுத்தி அஞ்சு காய் நின்னு நடுவுல ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா, எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடுத எறும்பு கூட உள்ள போக முடியாது, வாசல் பத்தாது. வெட்டுக்கிளி தாண்டிக் குதிச்சு விழலாம், வண்டு மேல ஏறி எறங்கலாம், அவ்வளவுதான். கைல மிச்சம் இருக்க காயையும் அங்க எறக்க முடியாது, ஏன்னா புதுசா எறக்குத காய் எதிராளி காயத் தொடக் கூடாது, ராணி அங்கதான நிக்கா.

போன ஞாயித்துக்கெழமை எங்க அத்தான் என் ராணிய அஞ்சு பக்கம் அடைச்சுட்டு, ஆறாவது பக்கம் இருந்த ஓட்டைக்குள்ள எறும்ப ரெண்டு வெரல்ல தூக்கி வச்சுட்டு "முடிஞ்சு மக்கா"ன்னு எந்திரிச்சுட்டாரு. நான் எறும்ப வெளிய எடுத்து ஒத்த வெரலால தள்ளிக் காட்டுனேன், பக்கத்துக் காய் ரெண்டும் வெலகுது, வெலகுனா அந்த நகத்தல் செல்லாது. "எடம் இருக்குல்லா, பின்ன என்ன"ன்னு அவரு. அவருக்கு அது ரூலாவே தெரியல, தோக்காம இருக்கதுக்கு நான் சொல்லுத சாக்காத்தான் தெரியுது. அக்கா சாயா கொண்டு வந்து வச்ச பெறவும் பேச்சு நிக்கல. புதுசா யாரு வந்து உக்காந்தாலும் இந்த எடத்துல இதே சண்டைதான்.

நியாயமா சொன்னா அந்த ரூல் இல்லன்னா கேமே இல்ல. ஆளுக்கு மூணு எறும்பு இருக்கு, அதெல்லாம் நெனச்ச எடத்துல நுழைஞ்சா வண்டுக்கும் வெட்டுக்கிளிக்கும் என்ன வேலை? தோக்கப் போற நேரத்துல ராணிக்குப் பக்கத்துல அப்படி ஒரு ஓட்டைய உண்டாக்கி, எதிராளியோட வெட்டுக்கிளியும் வண்டும் அங்க எட்டாதுன்னு பாத்து மூச்சு விடுத சொகம் வேற எந்த கேம்லயும் எனக்குக் கெடச்சதில்ல.

அதனால தம்பி, கேம் கொள்ளாம், காயும் கொள்ளாம், ஆனா இப்பம் வாங்காத. சொந்தக்காரங்க கூட வெளையாடணும்னா கண்டிப்பா வாங்காத. ஆறு காய மேசைல வச்சு தள்ளிக் காட்டும்போது கடைசி வரை பொறுமையா கேக்குத ஒரு ஆள் உனக்குக் கெடச்சா சொல்லு, என் செட்டையே தாறேன், அத்தான் ஊருக்குப் போற வரைக்கும் எனக்கு அது வேண்டாம்.