நெல்லி கிரஷ்: பச்சைப் போத்தலும் மண்ணிறப் போத்தலும்

யாழ்ப்பாணத்தில் நெல்லி கிரஷ் (தண்ணி கலந்து குடிக்கும் நெல்லிக்காய்ப் பாகு) வாங்குபவர்களில் அநேகர் பளீரென்ற பச்சைப் போத்தலையே எடுக்கிறார்கள். கேட்டால் "இதிலதான் நெல்லி ருசி இருக்கு" என்பார்கள். நெல்லிச் சாறு ஒருநாளும் அந்தப் பச்சை இல்லை, அது சாயம். சாயம் போடாதது வெளிர் மஞ்சளாக இருந்து, காயின் துவர்ப்புச் சத்து காற்றுப் பட்டு மண்ணிறமாகும். அது பழுதல்ல.

கண் நாக்குக்குச் சொல்லிக் கொடுப்பது புதிதல்ல. பிரான்சின் போர்தோவில் வெள்ளை வைனுக்குச் சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குரிய சொற்களால்தான் அதன் மணத்தை வர்ணித்தார்கள். 2001 இல் வந்த ஆய்வு அது. அவர்கள் வைன் பற்றிப் படிப்பவர்கள்!

கடையில் ருசி பார்த்து வாங்குவதும் உதவாது. ஒரு வாயில் இனிப்புக் கூடியதே வெல்லும். அதோடு நெல்லி குடித்த வாயில் வெறும் தண்ணியே இனிக்கும். ஆகவே இரண்டாவதாகக் குடிப்பது உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வீட்டில் இப்படிச் செய்யுங்கள். 30 மில்லிலீற்றர் கிரஷுக்கு 120 மில்லிலீற்றர் தண்ணி, எல்லாம் ஒரே குளிரில் (குளிர் கூடினால் இனிப்பு மங்கும்). மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே கிரஷ், மூன்றாவதில் மற்றது. வேறொருவர் ஊற்ற வேண்டும், குடிப்பவரின் கண்ணைக் கட்ட வேண்டும். எந்தக் கிளாஸ் வேறு என்று அவர் சொல்ல வேண்டும். இடையில் தண்ணி வேண்டாம். ஒரு துண்டுப் பாண், ஐந்து நிமிட இடைவெளி. துவர்ப்பு நாக்கில் ஏறிக்கொண்டே போவதால் நாளுக்கு மூன்று முறை போதும். 12 முறையில் குருட்டு ஊகமே நாலு தரம் சரிவரும். எட்டுக்குக் குறைந்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்ல இடமில்லை.

எது பிடிக்கும் என்பதற்கு வாயைக் கேட்க வேண்டாம். இரண்டு போத்தலிலும் மட்டத்தில் நாடா ஒட்டிப் பிரிட்ஜில் வையுங்கள். ஒரு கிழமையில் எது இறங்கியது என்று பாருங்கள்.

எங்கள் தேர்வு மண்ணிறம்தான். பச்சை முதல் வாய்க்கு நல்லது, அரைக் கிளாஸில் திகட்டும். மண்ணிறத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கடைசி வாய் வரை புளிப்பு நிற்கும். இரும்புக் கரண்டி படவிடாதீர்கள், கறுக்கும். அடியில் மண்டியும் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் கிளாஸ் சீனித்தண்ணி, கடைசிக் கிளாஸ் தொண்டையைப் பிடிக்கும்.