பழைய ஐபேட் ஏர் இன்னும் தேறுமா? பல வருஷமாக வைத்திருக்கும் வீட்டிலிருந்து

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். படிக்க, பாட்டு கேட்க, ஏற்கெனவே சேமித்து வைத்த படங்களைப் பார்க்க என்றால் அப்டேட் நின்றுபோன டேப்லெட் தாராளமாகத் தேறும். போனில் செய்கிற எல்லாவற்றையும் அதிலும் செய்ய வேண்டும் என்று நினைத்தால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 2013 கடைசியில் வெளிவந்த முதல் ஐபேட் ஏர். 9.7 அங்குலத் திரை, ஏ7 சிப், 1 ஜிபி ராம். 2019-ல் ஐபேடுக்கான புது இயங்குதளம் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோது இந்த மாடலைச் சேர்க்கவில்லை, அதற்கு முந்தைய ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. அதற்கப்புறமும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. 2023 ஜனவரியில்கூட 12.5.7 வந்தது. ஒன்பது வருஷம் தாண்டிய ஒரு சாதனத்துக்கு அதைச் செய்தது நல்ல விஷயம் என்றுதான் சொல்வேன்.

இப்போது அது முழுக்க அப்பா கையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவருக்குப் படிக்கிற ஆசை திரும்ப வந்துவிட்டது, ஆனால் பொடி எழுத்தில் அச்சான பழைய புத்தகங்கள் இன்னமும் சிரமம்தான். மதுரை புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், அருமையான இடம், ஆனால் திருப்பரங்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வெயிலில் போய்வருவது இந்த வயதில் ஆகாது. அதனால் வீட்டுத் திண்ணையில் டேப்லெட்.

இங்கேதான் இந்தப் பழைய ஐபேட் எந்தப் புது மலிவு டேப்லெட்டையும்விட எனக்கு உசத்தியாகத் தெரிகிறது. இதன் திரை 4:3 அளவு, கிட்டத்தட்ட ஒரு புத்தகப் பக்கத்தின் வாகு. இப்போது வருகிற பல டேப்லெட்டுகள் படம் பார்ப்பதற்காக நீளவாக்கில் செய்யப்பட்டவை, நிமிர்த்திப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தால் மேலும் கீழும் இடம் வீணாகி எழுத்து சின்னதாகிவிடும். இதில் அப்படி இல்லை, அதோடு 2048 x 1536 பிக்சல் இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் கலங்காமல் தெரிகின்றன.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் எழுத்தாகவே தயாரித்தவை, அதனால் கோப்புகள் சின்னவை. சங்கப் பாடல்களோ சிற்றிலக்கியமோ, தொட்டவுடன் திறக்கும், பக்கம் புரட்டினால் தயங்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த நூல்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் என்பதால் 1 ஜிபி ராம் திணறும், ஒவ்வொரு பக்கமும் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளியும், கோப்பு ரொம்பப் பெரிதாக இருந்தால் செயலியே மூடிக்கொள்ளும். நான் லேப்டாப்பில் இறக்கி, நூறு நூறு பக்கமாகப் பிரித்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை.

பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி என்ற செயலி போதும். அதில் வைஃபை பகிர்வை ஆன் செய்தால் ஒரு முகவரி காட்டும், அதை லேப்டாப் பிரவுசரில் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் நேராக டேப்லெட்டுக்குள் போய்விடும், கேபிள் வேண்டாம்.

இணையம்தான் பெரிய தொல்லை. ஆண்ட்ராய்டில் பிரவுசரைத் தனியாகப் புதுப்பிக்கலாம். ஐபேடில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது. குரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியை இயக்கும் அதே பழைய வெப்கிட்தான். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதும் ஒரு முறை இப்போது சர்வசாதாரணம், அது ஐஓஎஸ் 13.4-லிருந்துதான் புரியும். ஒரே ஓர் இடத்தில் அது இருந்தாலும் அந்த நிரல்கோப்பு முழுக்கவே ஓடாது, பக்கம் வெள்ளையாக நிற்கும். டேப்லெட் வேகமில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான், உண்மையில் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெறும் எழுத்தும் படமுமாக இருக்கும் எளிய தளங்கள் இன்றும் நன்றாகவே திறக்கின்றன.

வாட்ஸ்அப் ஐபேடுக்கு வந்ததே 2025 மே மாதம்தான், அதுவும் இந்த மாடலுக்குக் கிடையாது. வங்கி, பணப் பரிமாற்றம் எல்லாம் இதில் வைக்கவே வைக்காதீர்கள். எங்கள் டேப்லெட்டில் முக்கியமான மின்னஞ்சல் கணக்குகூட இல்லை, தேவையில்லாத நேரத்தில் வைஃபையும் அணைத்தே இருக்கும்.

அப்புறம் பேட்டரி. சுற்றியிருக்கும் வெப்பத்துக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 0 முதல் 35 டிகிரி வரை. நம் ஊரில் கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டுகிறது, மின்விசிறி இல்லாத அறையில் சார்ஜ் போட்டால் பின்பக்கம் கொதிக்கும். சூட்டில் கெட்ட பேட்டரி திரும்ப வராது. அதனால் எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசியில் விடிகாலையில்தான் சார்ஜ், உறையைக் கழற்றிவிட்டு. பழைய பேட்டரி ஒரு கட்டத்தில் தளர்ந்துபோனதும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். "அண்ணே, இதுக்கு மேல கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்ணே" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, திரை பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் சூடுபடுத்தி மெதுவாகத் தூக்க வேண்டும், கண்ணாடி விரிசல் விடும் அபாயமும் உண்டு. ஆனாலும் மாற்றச் சொன்னேன், அப்பா பழகிய திரை, பழகிய இடத்தில் பொத்தான்கள், அதை மாற்ற எனக்கு மனமில்லை. இப்போது ஒரு நாள் படிப்புக்குத் தாராளமாக நிற்கிறது.

வயதானவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கைடட் அக்சஸ் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள், திறந்த செயலியை விட்டுத் தவறுதலாக வெளியே போக முடியாதபடி பூட்டிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விற்பவரின் ஐகிளவுட் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் கேட்கும் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டில் மாட்டி அது வெறும் கண்ணாடித் துண்டு. திரை ஓரம் எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். செயலிகள் "புதிய ஐஓஎஸ் தேவை" என்று மறுத்தால், அதே ஆப்பிள் ஐடியில் புது ஐபோனிலோ ஐபேடிலோ ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பழையதில் வாங்கியவை பட்டியலில் போய்த் தொட்டால், பழைய பதிப்பு இருக்கிற செயலிகளுக்கு அதைத் தரட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம்.