சோதனைப் பாத்தி விதைப்புக்கு ஆர்டிகே ஸ்டியரிங்: பயன்படுத்துவோர் பார்வையில் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மக்காச்சோளம், சோயா ரகங்களுக்கான சோதனைப் பாத்திகளை விதைக்கும் எங்கள் குழு, ஆர்டிகே (RTK, செயற்கைக்கோள் தரும் இடக்கணிப்பைத் தரையிலுள்ள நிலையம் ஒன்றின் உதவியால் உடனுக்குடன் திருத்தும் முறை) வழிகாட்டலில் தானே திரும்பும் ஸ்டியரிங்கை டிராக்டரில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறது. நூல் பிடித்தாற்போல் நேராக அமையும் வரிசைகளைத்தான் எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். ஆய்வாளருக்கோ, எல்லாப் பாத்திகளும் ஒரே நீளத்தில் அமைவதே இதன் பெரும் பயன்.

முன்பெல்லாம் சீரான இடைவெளியில் முடிச்சிட்ட கம்பியை வயலின் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். முடிச்சு தட்டும்போது விதைப்பான் அடுத்த பாத்தியைத் தொடங்கும். டிராக்டர் திரும்பும் ஒவ்வொரு முறையும் அக்கம்பியை ஆட்கள் நகர்த்த வேண்டும். இப்போது அந்தச் சைகையைச் செயற்கைக்கோள் ரிசீவரே தந்துவிடுகிறது. 5 மீட்டர் பாத்தியில் 15 செ.மீ. கூடினாலோ குறைந்தாலோ விளைச்சல் கணக்கில் 3 சதவீதம் பிழை சேரும் என்பதையும், நல்ல ரகங்களுக்கிடையே உள்ள வேறுபாடே பல வேளைகளில் அந்த அளவுதான் என்பதையும் எண்ணினால், இம்மாற்றத்தின் மதிப்பு விளங்கும்.

ஆனால் சைகை கிடைத்த பின் விதை மண்ணைத் தொடச் சிறிது நேரமாகும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு நொடித் தாமதம் 10 செ.மீ. தள்ளிவிடும், எதிர்த்திசையில் திரும்பி வரும்போது அது மறுபக்கம் தள்ளுவதால், அடுத்தடுத்த பாத்திகளின் ஓரங்கள் 20 செ.மீ. விலகி, இடைவழி பல்வரிசைபோல் ஆகிவிடும். விதைப்பு தொடங்குமுன் இத்தாமதத்தை அளந்து திரையில் பதிப்பது கட்டாயம்.

அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியே இலவசமாகக் கிடைக்கும் வாஸ் (WAAS) திருத்தச் சிக்னல் இந்த வேலைக்குப் போதாது, ஏறத்தாழ 2.5 செ.மீ. துல்லியம் தரும் ஆர்டிகே வேண்டும். இதன் உயிர்நாடி, ஓரிடத்தில் நின்று திருத்தத் தகவலை டிராக்டருக்கு அனுப்பும் பேஸ் ஸ்டேஷன். அதை அளந்தறிந்த ஒரே புள்ளியில் நிறுவாமல், நாள்தோறும் தன் இடத்தைத் தானே புதிதாகக் கணிக்க விட்டால், நேற்று போட்ட கோடுகள் அனைத்தும் இன்று இடம் மாறித் தெரியும். ஐயோவாவில் மாநிலப் போக்குவரத்துத் துறையே திருத்தத் தகவலைக் கட்டணமின்றி வழங்குவதால், கைபேசி சிக்னல் நன்றாக உள்ள வயல்களில் சொந்த ஸ்டேஷன் இல்லாமலும் சமாளிக்கலாம்.

சரிவான நிலத்தில் கவனம் தேவை. டிராக்டரின் கூரையில், 3 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனா, வண்டி 1 பாகை சாய்ந்தாலே தரையளவில் 5 செ.மீ. விலகிவிடும், ஆகவே சாய்வுத் திருத்தம் இல்லாத மலிவான மாதிரிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிராக்டர் கோட்டில் நின்றாலும், பின்னால் இழுபடும் விதைப்பான் சரிவில் வழுக்குவதை இந்த ஸ்டியரிங் மட்டும் தடுத்துவிடாது.

2024 மே மாதச் சூரியப் புயலின்போது, விதைப்பு மும்முரமாக நடந்த நேரத்தில், செயற்கைக்கோள் சிக்னல் குலைந்ததால், அமெரிக்க மத்திய மேற்கில் ஆர்டிகே நம்பிய டிராக்டர்கள் பல நின்றுபோயின. ஆண்டுக்கு ஓரிரு சிறு சோதனைகள் மட்டுமே நடத்துவோருக்கு இந்தச் செலவு தேவையில்லை. பல வயல்களில் பல நூறு பாத்திகள் விதைக்கும் குழுக்கள் தயங்காமல் வாங்கலாம்.