நிற்கும் காருக்கு ஒரு சார்ஜர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

தினமும் அலுவலகத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு பேட்டரி சார்ஜர் தேவையே இல்லை. வண்டியின் ஆல்டர்னேட்டரே அந்த வேலையைச் செய்துவிடும். எங்கள் கார் அப்படி இல்லை. கல்யாணம், ஆஸ்பத்திரி, எப்போதாவது ஊர்ப் பயணம். மற்ற நாட்களில் போர்ட்டிகோவில் உறைக்குள் தூங்கும். இப்படி நிற்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார் சும்மா நின்றாலும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாதத்தில் 21 ஆம்பியர்-அவரை (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) தாண்டிவிடும். சிறிய கார்களில் வருவது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பாதிக்கு மேல் காலி! லெட்-ஆசிட் பேட்டரியை இப்படிக் காலியாகவே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் முழுக் கொள்ளளவு திரும்பக் கிடைக்காது. தெருமுனை வரை போய்விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டார்ட் செய்யப் போன கரண்டும் ஏசியும் லைட்டும் போக, கால் மணி நேர ஓட்டத்தில் பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் சேர்வதில்லை.

நான் வாங்கியது 4 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர். கடைக்காரர் 10 ஆம்பியர் மாடலைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார், "சீக்கிரம் ஏறிடும் சார்" என்று. பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய கணக்கு. 35-க்கு மூன்றரை, நான்கு போதும். பாதி இறங்கிய பேட்டரி நிறைய ஓர் இரவு ஆகும். கரண்ட் செலவு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அவசரப்பட என்ன இருக்கிறது?

மாட்டும் முறைதான் முக்கியம். இதில் நான் பிடிவாதக்காரன். சார்ஜரின் பிளக் சுவரில் இல்லாதபோதே சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்ட வேண்டும். கருப்பு கிளிப் மைனஸ் முனைக்குப் போகக்கூடாது. பேட்டரியிலிருந்தும் பெட்ரோல் குழாயிலிருந்தும் தள்ளி, பெயின்ட் இல்லாத கனமான இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்ச். கழற்றும்போது அப்படியே தலைகீழ்: முதலில் சுவிட்சை அணைத்து, அடுத்து கருப்பு, கடைசியில் சிவப்பு. காரணம் ஹைட்ரஜன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி அதை வெளிவிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. பொறி பறந்தாலும் பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக்கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும். பானட் திறந்தே இருக்கட்டும், ஷெட் கதவும் திறந்திருக்கட்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள (வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணையும்) புதிய கார்கள் பலவற்றில் மைனஸ் முனையிலேயே, ஏறி இறங்கும் சார்ஜை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். கருப்பு கிளிப்பை பாடியில் மாட்டினால்தான் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வரும்.

சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, நிறைந்ததும் 13.5 பக்கம் இறங்கி அங்கேயே நிற்கிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரில் இது கிடையாது, பக்கத்தில் ஆள் இருந்து அணைக்க வேண்டும். ஆனால் என் சார்ஜரிலும் ஓர் எரிச்சல் உண்டு: கரண்ட் போய் வந்தால் எந்த மோடில் இருந்தோம் என்பதையே மறந்துவிட்டுச் சும்மா காத்திருக்கும். நம்ம ஊரில் இது சின்னக் குறை இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே ஏறியிருக்காது.

சார்ஜரைவிட அதிகம் உதவியது, வோல்ட் அளக்கும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் என்றே சொல்வேன். சார்ஜ் முடிந்த உடனே பார்த்தால் பொய்யான உயர் எண் காட்டும். சில மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இரவெல்லாம் ஏற்றியும் மறுநாள் 10.5-லேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, புதிது வாங்குங்கள். மிகவும் இறங்கிய பேட்டரியை ஸ்மார்ட் சார்ஜர் அடையாளமே காணாது. நல்ல பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் இணைத்து சார்ஜரை ஏமாற்றும் வித்தையைச் சொல்லித் தருவார்கள். வீட்டில் அதைச் செய்ய நான் தயாராக இல்லை. உப்பிய பேட்டரி, அழுகிய முட்டை நாற்றம் வரும் பேட்டரி, இரண்டையும் சார்ஜரில் போடவே கூடாது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த நாற்றம் வந்தால் கிளிப்பைத் தொடாமல் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுவது நல்லது, இல்லாவிட்டால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்பே தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். முனையில் பூக்கும் வெள்ளைப் பூச்சை ஆப்பசோடா கரைசலால் கழுவித் துடைத்து, வாசலின் தடவிவிட்டால் நீண்ட நாள் தாங்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். உள்ளே இருப்பது சல்ஃபூரிக் ஆசிட்.

இதே சார்ஜரை ஸ்கூட்டருக்கும் பயன்படுத்துகிறேன், பைக் மோடில் மட்டும். நான்கைந்து ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 4 ஆம்பியர் கொடுத்தால் சூடேறிக் கெட்டுவிடும். பைக் மோடில் 1 ஆம்பியர்தான் வருகிறது. லித்தியம் பேட்டரி போட்ட பைக் என்றால் அதற்கென்று தனி சார்ஜர் வேண்டும், இது ஆகாது.

வாங்கப் போகிறவர்கள் ஒயரின் நீளத்தையும் பார்த்து வாங்குங்கள். என்னுடையது குட்டையானது, போர்ட்டிகோ பிளக்கிலிருந்து எட்டாததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அதைத் தரையில் விடாமல் ஸ்டூல் மேல் வைக்கிறேன்.