பொள்ளாச்சியிலிருந்து தூத்துக்குடி, கொச்சி: இரண்டு துறைமுகங்களில் சரக்கு அனுப்பிய அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவை, அதாவது செடி வளர்க்க மண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் பித்தை, கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறோம். எங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கன்டெய்னர் துறைமுகங்கள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் கொச்சி வல்லார்பாடம், திண்டுக்கல், மதுரை தாண்டிப் போனால் தூத்துக்குடி. இரண்டிலும் பல வருடங்களாகச் சரக்கு போகிறது. தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் "எங்கே செலவு கம்மி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பார்ப்பது, சொன்ன தேதிக்குப் பெட்டி போய்ச் சேருமா என்பதை.

பித் மலிவான சரக்கு. ஆனால் நாற்பதடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னர் பெட்டியை முழுசாக அடைத்துக்கொள்ளும். 2021-ல் கப்பல் வாடகை ஏறியபோது, ஐரோப்பாவுக்குப் போன பெட்டிகளில் உள்ளே இருந்த சரக்கின் விலையை விட வாடகை அதிகம். அதோடு எங்கள் வாங்குபவர்களுக்குக் காலம் முக்கியம். நெதர்லாந்துக் கண்ணாடி வீடுகளில் தக்காளி நாற்று நடுவது டிசம்பர், ஜனவரியில். அதற்கு முன்னால் பித் பை அவர்கள் கைக்குப் போகாவிட்டால் அந்த ஆர்டர் அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் அவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

தூத்துக்குடியில் என் அனுபவத்தை 2018-க்கு முன், பின் என்று பிரிக்கலாம். அதற்கு முன் தொழிற்சாலையிலேயே ஏற்றி சீல் வைத்த பெட்டியும் ஒரு சி.எஃப்.எஸ்-க்கு (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கு) போய், சுங்க அனுமதி வாங்கிக்கொண்டுதான் டெர்மினலுக்குள் போக முடியும். அங்கே அனுமதி கிடைப்பது காலை 8 முதல் இரவு 8 வரை. லாரி ராத்திரி ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தால் விடியும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். 2018 மார்ச்சில் நேரடித் துறைமுக நுழைவு வசதி வந்தது. இ-சீல் (மின்னணு முத்திரை) போட்ட பெட்டி சி.எஃப்.எஸ் பக்கமே போகாமல், எந்த நேரத்திலும் அனுமதி வாங்கி உள்ளே போகலாம். ஒரு ராத்திரியும் சி.எஃப்.எஸ் செலவும் மிச்சம். புதுக் கிரேன், புது பெர்த் எதுவும் இல்லாமல், ஒரு நடைமுறையை மாற்றியதாலேயே இது கிடைத்தது. துறைமுகத் திறன் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

கொச்சிக்கு தூரம் பாதிதான், ஆனால் வழியில் குதிரான் மலை இருந்தது. மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் ஒரு டிரெய்லர் நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும். டெர்மினல் எவ்வளவு வேகமாக இருந்து என்ன, கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கடைசி நேரம், போய்விடும். 2021 ஜூலையில் முதல் சுரங்கப்பாதையும் 2022 ஜனவரியில் இரண்டாவதும் திறந்தார்கள். அதன் பிறகு மதியம் ஏற்றிய வண்டி அன்று ராத்திரியே கேட்டில் நிற்கிறது. எங்கள் பக்கத்து யூனிட்டுகளில் பலர் கொச்சிக்கு மாறினார்கள் என்றால், அதற்கு அந்தச் சுரங்கம்தான் பெரிய காரணம்.

உலக வங்கி 2021 முதல் கன்டெய்னர் துறைமுகங்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. 2023-க்கான பட்டியலில் விசாகப்பட்டினம் முதல் இருபதுக்குள் வந்தது, சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தப் பட்டியல் அளப்பது கப்பல் துறைமுகத்தில் செலவழிக்கும் நேரத்தை. என் பெட்டி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்ற நேரமோ, வேறொரு துறைமுகத்தில் அடுத்த கப்பலுக்காகக் கிடந்த நாட்களோ அதில் வராது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு நஷ்டம் வருவதோ அந்த இரண்டு இடத்தில்தான்.

தூத்துக்குடிக்குப் பெரிய கப்பல்கள் வருவது குறைவு. பெட்டி பெரும்பாலும் ஃபீடர் என்னும் சிறிய கப்பலில் கொழும்பு போய் அங்கே மதர் வெசல் என்னும் பெரிய கப்பலில் ஏறும். கொழும்பில் 2013-லிருந்தே 18 மீட்டர் ஆழ டெர்மினல் இருக்கிறது, கிழக்கு மேற்குக் கப்பல் பாதையும் பக்கத்திலேயே போகிறது. இப்படி வழியில் கப்பல் மாறிப் போகும் இந்தியச் சரக்கில் சுமார் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கப்பல் மாறுகிறது என்று நம் அரசே சொல்கிறது. சாதாரண நாளில் கொழும்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செங்கடல் தாக்குதல்களால் 2023 டிசம்பரிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும், 2024-ல் அங்கே பெட்டிகள் குவிந்தன. இங்கே எல்லாம் நேரத்துக்கு முடித்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தால், "கனெக்‌ஷன் மிஸ் ஆயிருச்சுங்க, அடுத்த வெசல்ல போட்டிருக்காங்க" என்று ஃபார்வர்டரிடமிருந்து (கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்) போன் வரும். அடுத்த வெசல் எப்போது என்று கேட்டால் பதில் இருக்காது. வாங்குபவருக்கு நான் என்ன தேதி சொல்வது?

காலிப் பெட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஊரிலிருந்து என்ன ஏற்றுமதியாகும் என்பதை அந்த ஊருக்கு என்ன இறக்குமதியாகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பேப்பர் மில்லுக்கு வேஸ்ட் பேப்பர் நிறைய வரும் மாதங்களில் நாற்பதடிப் பெட்டி சுலபமாகக் கிடைக்கும், வரத்து குறைந்தால் தட்டுப்பாடு. பெரிய மரக்கட்டைகள் ஏற்றி வந்த பெட்டி என்றால் தரைப்பலகை பிய்ந்திருக்கும். பெட்டி யூனிட்டுக்கு வந்ததும் ஒருவர் உள்ளே போய் நிற்க, வெளியிலிருந்து கதவைச் சாத்துவோம். கும்மிருட்டாக இருந்தால் சரி. கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்த ஓட்டை வழியாக ஒரு மழை இறங்கினால் போதும், கட்டிகள் ஊதிப் பெட்டிச் சுவரைத் தள்ளும். நல்ல காலிப் பெட்டி தருகிற யார்டு (பெட்டிகளை வைத்திருக்கும் இடம்) எது என்பதை வைத்தே சில சமயம் துறைமுகத்தை முடிவு செய்கிறேன்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. 2018 மே மாதம் விதியைத் தளர்த்தியதிலிருந்து, ஏற்றுமதிப் பெட்டியை வெளிநாட்டுக் கொடிக் கப்பலும் ஒரு இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் மாற்ற எடுத்துப் போகலாம். தூத்துக்குடியில் 14 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள புது டெர்மினல் 2024 செப்டம்பரில் திறந்தது. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2025 ஜூனில், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000-க்கு மேல் சுமக்கும் எம்.எஸ்.சி. இரினா கப்பலே வந்து நின்றது. விழிஞ்ஞம் எங்களுக்கு நேரடிக் கதவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொழும்புக்கு மாற்றாகக் கப்பல் மாற இன்னொரு இடம் இருக்கிறது என்றாலே லைன்காரர்களிடம் (கப்பல் நிறுவனங்களிடம்) பேச்சு மாறும்.

இப்போதைக்குக் கொரியா, சீனா ஆர்டர்களை தூத்துக்குடியிலும் ஐரோப்பா ஆர்டர்களைக் கூடுமானவரை கொச்சியிலும் ஏற்றுகிறேன். விலை கேட்கும்போதே கப்பல் எங்கே மாறும், மாறுகிற வெசலின் பெயர் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். நெதர்லாந்துக்குப் போக வேண்டியதை ஆகஸ்ட்டிலேயே அனுப்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தாமதத்துக்கென்றே மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். ஆகஸ்ட்டுக்கு அனுப்ப ஜூன், ஜூலையில் காய வைத்தாக வேண்டும். அந்த மாதங்களில்தான் கணவாய் வழியே சாரல் வந்து எங்கள் உலர்களங்கள் பாதி நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. இணைப்புக் கப்பலுக்கு உறுதியான தேதி கிடைத்தால் செப்டம்பர் வெயிலில் காய வைத்தே அனுப்பிவிடுவேன்.